நாடியைப் பிடிக்கச் சொல்லுங்கள்: பினாங்கில் வார இறுதி வகுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்த்தாஜாம், தீவுப் பக்கம் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் என்று எங்கெல்லாம் சனி ஞாயிறில் கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ நம் பிள்ளைகளுக்கு இலவசமாகவோ பத்து இருபது வெள்ளி வாங்கிக்கொண்டோ வகுப்பு நடத்துகிறீர்களோ, உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் குழுவையும் குறிவைத்து எழுதவில்லை, அதனால் "இது நம்மைத்தான் சொல்கிறாள்" என்று யாரும் வாட்சாப் குரூப்பில் சண்டை ஆரம்பிக்க வேண்டாம். தாதியர் டிப்ளோமா படிக்கிற பிள்ளைகளுக்கு உடற்கூறும் உடலியங்கியலும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உங்களில் சிலர் என்னை படிவம் 5 முடிவில், பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கான உயிரியல் கருத்தரங்குக்கு அழைத்திருக்கிறீர்கள், வந்திருக்கிறேன், நல்ல சாப்பாடும் போட்டீர்கள். அந்தக் கருத்தரங்கைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பாடத்திட்டம். படிவம் 4 உயிரியல் புத்தகத்தில் மொத்தம் 15 அத்தியாயம். அதில் 8 முதல் 15 வரை சுவாசம், செரிமானம், ரத்த ஓட்டம், நோய் எதிர்ப்பு, நரம்பும் ஹார்மோனும், சிறுநீரகம், எலும்பும் தசையும், கடைசியில் இனப்பெருக்கம், எல்லாமே பெரும்பாலும் மனித உடம்புதான். படிவம் 5இல் செடிகொடி, சுற்றுச்சூழல், மரபு என்று பாடம் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆக, ஒரு பிள்ளை தன் உடம்பைப் பற்றி ஆழமாகப் படிப்பது அந்த ஒரே வருடத்தின் பிற்பாதியில்தான், அதுவும் உயிரியல் எடுத்தால். நீங்களோ அந்த எட்டு அத்தியாயத்தையும் தேர்வு நெருங்குகிற நேரத்தில் இரண்டு நாள் கருத்தரங்கில் முடித்துவிடப் பார்க்கிறீர்கள்.

அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். திரையில் இதயத்தின் படம், சுற்றிலும் அம்புக்குறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். "இது கட்டாயம் வரும், கோடு போட்டுக்கொள்ளுங்கள்" என்று பேச்சாளர் சொல்ல, பின்வரிசையில் ஏர்கோன் பக்கம் ஒரு பையன் தூங்க, முன்வரிசைப் பெண்பிள்ளைகள் மூன்று நிறப் பேனாவில் எழுதிக்கொள்வார்கள். மாலையில் ஒரு கேள்வித்தாள், மதிப்பெண், புகைப்படம், சான்றிதழ். உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை, நாற்காலி தூக்குவதிலிருந்து நாசி லெமாக் பொட்டலம் எண்ணுவது வரை யார் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் படத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

அப்படிப் போன பிள்ளைகளில் சிலர்தான் பிறகு என் வகுப்புக்கு வருகிறார்கள். இதயத்துடிப்பைத் தொடங்கி வைக்கிற முடிச்சின் பெயரைக் கேட்டால் டக்கென்று சொல்வார்கள். சரி, உன் நாடியை எண்ணிக் காட்டு என்றால் கட்டை விரலை மணிக்கட்டில் வைப்பார்கள். (கட்டை விரலுக்கே ஒரு துடிப்பு உண்டு, அதை எண்ணி ஏமாந்துவிடுவோம், நடுவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வைக்க வேண்டும்.) இதயம் எங்கே என்றால் இடப்பக்கம் கை போகும். அது நடுநெஞ்சில், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது, நுனி மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மயங்கி விழுந்து மூச்சு நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யும்போது நடுநெஞ்சில் அழுத்தச் சொல்வது இதனால்தான். சிறுநீரகத்தைத் தொப்புளுக்குப் பக்கத்தில் காட்டுவார்கள். இதயத்துக்குத் திரும்பும் குழாய்களான சிரைகளில் ஓடும் ரத்தம் நீல நிறம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏனென்றால் புத்தகத்தில் நீல மை. உண்மையில் அது கருஞ்சிவப்பு, தோலுக்கு மேலிருந்து பார்க்கும்போதுதான் அந்தக் குழாய் நீலமாகத் தெரிகிறது. இன்னொன்று, படத்தில் இருக்கிற ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது நமக்கு இடது. இதை யாரும் சொல்லாததால் வலக் கீழறையையும் இடக் கீழறையையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நான் கேட்பது ஒன்றுதான். உடம்பு என்ன வேலை செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் பிள்ளையின் சொந்த உடம்பை வைத்தே முதலில் காட்டுங்கள். பெயர்கள் அதற்கப்புறம் வரட்டும். அதைப் படிவம் 4 வரைக்கும் தள்ளிப்போடாமல் படிவம் 1 பிள்ளைகளிடமே ஆரம்பியுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

ரத்த ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிடித்த பாடம், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 1400 வருடம் ஐரோப்பாவில் கேலன் என்ற பழைய மருத்துவர் சொன்னதுதான் வேதவாக்கு: சாப்பாடு கல்லீரலில் ரத்தமாக மாறுகிறது, உடம்பெல்லாம் போகிறது, அங்கேயே செலவாகித் தீர்ந்துவிடுகிறது, மறுபடி சாப்பாடு, மறுபடி புது ரத்தம். 1628இல் வில்லியம் ஹார்வி என்கிற ஆங்கில மருத்துவர் இதை ஒரு பெருக்கல் கணக்கில் கவிழ்த்தார். அவர் கணக்கை இன்றைக்கு நமக்குத் தெரிந்த எண்களில் போட்டுப் பாருங்கள். இதயம் ஒரு துடிப்பில் தள்ளுவது சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு, பெருக்கினால் 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். எந்த மனிதனும் ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர் ரத்தம் உண்டாகிற அளவுக்குச் சாப்பிட முடியாது, நம் கல்யாண வீட்டுச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆக, அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதுகூட அது நிமிடத்துக்கு ஒரு முறை முழுச் சுற்று வந்துவிடுகிறது. படிவம் 1 பிள்ளைக்கு இந்தப் பெருக்கல் தெரியாதா?

ஹார்வி கையில் செய்து காட்டிய சோதனையையும் வகுப்பில் செய்யலாம். மேல் கையில் ஒரு துணியை மிதமாகக் கட்டுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முன்கையில் சிரைகள் புடைக்கும், நடுவில் ஆங்காங்கே சிறு முடிச்சு போலத் தெரியும், அங்கேதான் வால்வு. மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் சிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் வால்வைத் தாண்டி நீவிவிடுங்கள். அந்தத் துண்டு காலியாகிவிடும், மேலிருந்து ரத்தம் திரும்பி இறங்காது. கீழ் விரலை எடுத்தவுடன் நிரம்பும். ரத்தம் சிரையில் இதயத்தை நோக்கி மட்டும்தான் போகும் என்பதை இதற்கப்புறம் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகக் கடக்கிறது என்பதை மட்டும் ஹார்வி கடைசிவரை பார்க்கவில்லை. அவர் இறந்தது 1657இல், 1661இல்தான் மல்பீகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து அந்த நுண்குழாய்களைப் பார்த்தார். இருக்கத்தான் வேண்டும் என்று கணக்கு சொன்ன ஒன்று, முப்பது வருடத்துக்கு மேல் கழித்துக் கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சொன்னால் பின்வரிசைப் பையனும் எழுந்து உட்காருவான்.

"தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்" என்று சொல்லிக்கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, இதயத்துக்குத் திரும்பினால் சிரை, அவ்வளவுதான். நுரையீரல் தமனியில் ஓடுவது உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்த ரத்தம். நல்லது கெட்டது என்று படித்த பிள்ளை இந்தக் கேள்வியில் ஒவ்வொரு முறையும் விழுகிறது.

சுவாசம். மூச்சு இழுத்தால் நுரையீரல் விரிகிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசையான உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்பு மேலெழுகிறது, உள்ளே இடம் பெரிதாகிறது, அப்புறம்தான் காற்று வருகிறது. நுரையீரலுக்குத் தானாக விரிகிற தசை கிடையாது. உள்ளே இருக்கிற காற்று நுண்ணறைகள் சுமார் 30 கோடி, எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது ஒற்றையர் ஆட்டத்துக்குக் கோடு போட்ட ஒரு முழு பூப்பந்துத் தளம். உள்ளிழுக்கும் காற்றில் உயிர்வளி 21 விழுக்காடு, வெளிவிடும் காற்றில் 16 விழுக்காடு, கொஞ்சம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம் எல்லாரையும் மூச்சடக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் முடியாமல் போகிறதே, ஏன்? உயிர்வளி தீர்ந்துவிட்டதால் என்பார்கள். இல்லை, ரத்தத்தில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) ஏறுவதை மூளை கண்டுபிடித்துத்தான் அந்த அவசரத்தைக் கொடுக்கிறது. இது வெறும் பாடம் கிடையாது. பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் குளிக்கப் போகிற பையன்களில் சிலர், தண்ணீருக்குள் அதிக நேரம் இருக்க வேண்டும் என்று குதிப்பதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள். அதனால் கரிவளி குறைகிறதே தவிர உயிர்வளி பெரிதாகக் கூடுவதில்லை. மூச்சுவிட வேண்டும் என்ற அவசரம் வருவதற்கு முன்பே உயிர்வளி தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிப்போகலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் இப்படிச் செத்துப்போவான். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பாடத்தைப் படிவம் 1இல் நடத்தலாம்.

தண்ணீர்மலை முருகன் கோயில் நமக்குக் கிடைத்த இலவச ஆய்வுக்கூடம். 513 படி. கீழே நின்று நாடியை எண்ணி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மேலே போனதும் எண்ணட்டும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எண்ணட்டும். யாருக்கு வேகமாகப் பழைய நிலைக்கு இறங்குகிறது, யாருக்கு இறங்கவில்லை, ஏன்? ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிற இதயம் கடுமையாக உழைக்கும்போது 20 லிட்டர்கூடத் தள்ளும். வயிற்றுப் பக்கம் போகிற ரத்தத்தைக் குறைத்துக் கால் தசைக்கு அனுப்பும், அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் குமட்டுகிறது. வியர்வை கொட்டியும் ஏன் உடம்பு குளிரவில்லை என்று கேளுங்கள். வியர்வை ஆவியாகிப் போகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், பாதி வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடுகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற இளைஞர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது, மயங்கி விழுகிறவரைச் சுற்றி இருபது பேர் நின்று காற்றை மறைக்காமல் இருப்பார்கள்.

இனி சிறுநீரகமும் சர்க்கரையும். எனக்கு உண்மையான ஆதங்கம் இங்கேதான். 2019இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வுப்படி இந்த நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நாம்தான் முதலிடம். புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூலகாரணம் நீரிழிவு. உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் பாட்டிக்கோ அப்பாவுக்கோ இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை என்று கைதூக்கச் சொல்லிப் பாருங்கள். கிளினிக்குக்குப் பாட்டியோடு துணைக்குப் போவதும், டாக்டர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்கு வந்து சொல்வதும் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைதான். அதே பிள்ளை உங்கள் வகுப்பில் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியான நெஃப்ரானின் படத்துக்கு அம்புக்குறி போடுகிறது, இரண்டும் ஒரே விஷயம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்ல எவ்வளவு இருக்கிறது பாருங்கள். சிறுநீரகம் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகள் பாதி மறைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது, வலது கொஞ்சம் கீழே, மேலே கல்லீரல் இருப்பதால். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புக்குப் போகிறது. ஒரு நாளில் வடிகட்டப்படுவது 180 லிட்டர், வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவு. மீதி? திரும்ப உடம்புக்கே. வேண்டாததைத் தேடிப் பிடித்து வெளியேற்றுகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனால் அது முதலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு, வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிற விஷயம் இது.

அப்படித் திரும்ப எடுப்பதில் சர்க்கரையும் ஒன்று, ஆனால் எடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் முழுதாக எடுக்க முடியாமல் சிறுநீரில் தங்கிவிடும், தங்கின சர்க்கரை தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம், அந்தத் தாகத்துக்குப் பாட்டி குளிர்பானம் குடித்தால் மறுபடி சர்க்கரை. பாடப்புத்தகத்தில் தனித்தனி வரியாக இருக்கிற அறிகுறிகளை இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் காட்டினால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

கிளினிக்கில் எடுக்கிற எச்.பி.ஏ.ஒன்.சி. சோதனையையும் சொல்லுங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்த நாள்களில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை சுற்றியதோ அந்த அளவுக்கு அந்த அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைச் சொல்லும். அப்பாயிண்ட்மென்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து தே தாரிக்கை நிறுத்திவிட்டு, சோறு குறைத்து, டாக்டர் முன்னால் நல்ல பிள்ளையாகப் போய் உட்காரும் நம் மாமாக்கள் ஏன் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது இப்போது புரியும். வகுப்பு சிரிக்கும், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு மாமா உண்டு.

"மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுகிற ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதற்கும் பதில் இந்தப் பாடத்திலேயே இருக்கிறது. அந்த நுண்ணிய வடிகட்டிகளைப் பல வருடமாகச் சிதைப்பது ரத்தத்தில் ஓயாமல் ஏறி நிற்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். சிறுநீரகம் தளர்ந்த பிறகு சில மாத்திரைகளின் அளவை டாக்டர் குறைப்பார், சிலவற்றை நிறுத்துவார், அதைப் பார்த்துவிட்டு மாத்திரைதான் கெடுத்தது என்று கதை கட்டிவிடுகிறோம். முட்டி வலிக்குக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் சிலதான் உண்மையிலேயே சிறுநீரகத்துக்குக் கேடு, அதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும்போது பெரும்பாலும் வலிக்காது, இடுப்பு வலி இல்லை என்பதால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காருகிற நிலை வந்த பிறகு இதையெல்லாம் தெரிந்துகொள்வதில் என்ன பயன்.

அடுத்து ஆடு. சிரிக்காதீர்கள். மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் இதயம், நுரையீரலோடு மூச்சுக்குழாய், குண்டிக்காய் (அதுதான் சிறுநீரகம்) எல்லாம் வெட்டாமல் முழுதாகக் கொடுப்பார். ஆட்டின் இதயத்துக்கும் நமக்கிருப்பதுபோல் நான்கு அறை. நடுவே வெட்டிப் பார்த்தால் இடக் கீழறையின் சுவர் வலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். ஏன் என்று கேளுங்கள், பிள்ளைகளே சொல்வார்கள்: வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது, இடது உடம்பு முழுவதுக்கும். நுரையீரலில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மூச்சுக்குழாயில் சைக்கிள் பம்ப் வைத்து ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். வயிற்றை மட்டும் வாங்காதீர்கள், அசைபோடுகிற மிருகத்தின் வயிறு நான்கு அறை, நம்முடையது ஒன்று, குழப்பம்தான் மிஞ்சும். சுவரொட்டி, அதாவது மண்ணீரல், கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். வயதான சிவப்பணுக்கள் அங்கேதான் உடைக்கப்படுகின்றன, அவற்றின் இரும்புச்சத்து அங்கே சேர்கிறது. சுவரொட்டி சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று ஆயா சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று வகுப்பிலேயே சொல்லலாம். ஆட்டைக் கழுவி, பிரித்து, எது எது என்று பெயர் சொல்லி எடுத்து வைத்த அந்தத் தலைமுறைக்கு உறுப்புகள் எங்கே, எப்படி இருக்கும் என்று நம் டிப்ளோமா பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும், இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கண்ணால் பார்ப்பதன் வலிமைக்கு நம் ஊர்க்காரர் ஒருவரையே சொல்லலாம். 1879இல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1910 டிசம்பரில் சீனாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியபோது இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தார். உடலை அறுப்பது அங்கே அப்போது ஏற்றுக்கொள்ளப்படாத காலம். அந்தச் சோதனையையும் நோய் பரவிய விதத்தையும் வைத்து, இது எலி, தெள்ளுப்பூச்சி வழியாக மட்டும் வருவது இல்லை, நுரையீரலைத் தாக்கி மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று சொல்லித் துணி முகக்கவசம் போட வைத்தார். நம்பாமல் முகக்கவசம் இல்லாமல் நோயாளியைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாளில் அதே நோயில் இறந்தார். நுரையீரல் பாடத்தில் இந்தக் கதைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

கடைசி அத்தியாயம். நீங்கள் தாண்டிப் போகிற அத்தியாயம். "அதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பேச்சாளர் சொல்ல, ஏற்பாட்டாளர்கள் நிம்மதியாக மூச்சுவிட, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். கோயில் மண்டபத்தில் இதைப் பேசுவதா என்று கேட்கிறீர்கள், சரி, வேறு மண்டபத்தில் பேசுங்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒரு பெண் ஆசிரியரை வைத்துத் தனியாக ஒரு மணி நேரம் கொடுங்கள், அப்புறம் அதே பாடத்தைப் பையன்களுக்கும் நடத்துங்கள், அவர்களும் நாளை யாருக்கோ கணவன், அப்பா. படிவம் 1 அறிவியல் புத்தகத்திலேயே இனப்பெருக்கம் ஒரு முழு அத்தியாயமாக இருக்கிறது, அரசாங்கம் பதின்மூன்று வயதில் படிக்கலாம் என்று சொன்னதை நாம் பதினேழு வயதிலும் மறைக்கிறோம். மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் இரும்புச்சத்து போகிறது, அதனால்தான் களைத்துப்போய் வகுப்பில் தலை சாய்க்கிற பெண்பிள்ளைக்குத் திட்டுக்குப் பதிலாக ஒரு ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். சுழற்சி 28 நாள் என்பது சராசரி, எல்லாருக்கும் அப்படி வராது, கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாளுக்கு முன்னால். குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணு கொண்டுவரும் குரோமோசோமைப் பொறுத்தது. இந்த ஒரு வரியைச் சத்தமாகச் சொல்லுங்கள், அடுத்தடுத்து பெண்குழந்தை பிறந்ததற்கு மருமகளைத் திட்டுகிற வீடு இன்னும் இருக்கிறது, உங்கள் மண்டபத்துக்கு மொய் எழுதுகிறவர்கள் மத்தியிலும் இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மதிப்பெண் வேண்டும், பெற்றோர் ரிசல்ட் கேட்கிறார்கள், ஸ்பான்சர் எத்தனை ஏ என்று கேட்கிறார். இப்போதைய உயிரியல் தாளில் ஏன், எப்படி என்று விளக்கச் சொல்லும் கேள்விகளில்தான் நம் பிள்ளைகள் வெறும் பக்கமாக விட்டுவிட்டு வருகிறார்கள், அம்புக்குறி கேள்விகளில் அவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள். ஆள் இல்லை என்பீர்கள். பொது மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் நிலையங்களிலும் நம் தாதிகள், பிசியோதெரபிஸ்டுகள், மருந்தாளர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் உங்கள் வகுப்பிலேயே படித்துப் போனவர்கள். யாராவது அவர்களைக் கேட்டீர்களா? தமிழில் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்கர் மாணவர்களுக்கு மருத்துவத்தையே தமிழில் கற்றுக்கொடுத்துவிட்டார், நாம் நாடி பார்க்கத்தானே கற்றுக்கொடுக்கப் போகிறோம்.

கருத்தரங்கை நிறுத்தச் சொல்லவில்லை, அது இருக்கட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், படிவம் 1 முதல் 3 வரை உள்ள பிள்ளைகளுக்கு உடம்பு வகுப்பு. திரை வேண்டாம், அச்சடித்த தாள் வேண்டாம், வினாடி முள் உள்ள ஒரு கடிகாரமும் கை கட்டுவதற்குத் துணியும் இருந்தால் முதல் வகுப்பு முடிந்துவிடும். வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று கொடுங்கள், வீட்டில் பெரியவர் ஒருவரின் நாடியை எண்ணி, ரத்த அழுத்தக் கருவி இருந்தால் அந்த இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு, மேல் எண் இதயம் சுருங்கும்போது, கீழ் எண் அது தளரும்போது என்று அவருக்கு விளக்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆட்டு இதய வகுப்புக்கு யாராவது கூப்பிட்டால் நான் வருகிறேன், பெட்ரோலுக்குக் காசு வேண்டாம். இதயமும் குண்டிக்காயும் வாங்கி வருவது என் பொறுப்பு. ஐஸ் பெட்டி, கையுறை, கத்திரிக்கோல், மேசையில் விரிக்கப் பழைய நாளிதழ், கைகழுவ சோப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. கோயிலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். சைவப் பிள்ளைகளைத் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்களுக்குக் கடிகாரத்தைக் கொடுத்து மற்றவர்களின் நாடியை எண்ணச் சொல்லலாம். தேதி குறிக்கும்போது புரட்டாசியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சனிக்கிழமையில் கறி வாங்கி வந்து வெட்டினோம் என்று தெரிந்தால் பிள்ளைகளின் அம்மாமார் அடுத்த மாதம் வகுப்புக்கே அனுப்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாதியர் பயிற்றுநர்